பீரோ திரும்பி வந்தால் விவாகரத்து ஆகிவிடாது

1

இது கதையாகப் பிறக்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கொரட்டூரில் எங்கள் வட்டாரத்துக்கென்று ஓர் இலவச வாரப் பத்திரிகை வருகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பால் பாக்கெட்டோடு வாசலில் கிடக்கும். முக்கால்வாசி மனை விளம்பரம், மீதியில் கோயில் செய்தி, குடிநீர் வாரிய அறிவிப்பு, ராசிபலன். அதன் ஆசிரியர் கோகுல்நாத் ஒரு நாள் போன் செய்து, "சார், விவாகரத்து நடைமுறையோட அடிப்படைத் தகவல் அரைப் பக்கம் வேணும். யார் படிச்சாலும் புரியணும். கதை கிதைன்னு ஆரம்பிச்சுடாதீங்க" என்றார்.

நானும் ஒழுங்காகத்தான் ஆரம்பித்தேன். முதல் வரைவின் முதல் வாக்கியம் இது:

"இந்து திருமணச் சட்டத்தின்படி கணவனும் மனைவியும் பரஸ்பர சம்மதத்தின் பேரில் விவாகரத்து கோரினால், அவர்கள் குறைந்தது ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்பதும், அவ்வாறு—"

அவ்வாறு என்ன என்று நான் யோசிப்பதற்குள் ஒரு பெண் குறுக்கே வந்துவிட்டாள். தோளில் டிபன் பை, கழுத்தில் கம்பெனி அட்டை. "நாங்க பிரிஞ்சு ஆறு வருசம் ஆவுது சார். அப்ப நாங்க பாஸா, பெயிலா?" என்று கேட்டாள்.

(நிஜமாக யாரும் வரவில்லை. மின்விசிறியும் நானும்தான் இருந்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி.)

அரைப் பக்கக் கட்டுரையில் ஆட்களுக்கு இடம் கிடையாது. துரத்திப் பார்த்தேன், போகவில்லை. அடையாளத்துக்கு இருக்கட்டும் என்று நாகவல்லி என்று பெயர் வைத்தேன், அதோடு கட்டுரை போயிற்று. பெயர் வைத்த பிறகு யார் கிளம்புவார்கள்? நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

2

தொடக்கம் மூன்று எழுதினேன்.

ஒன்று: "அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சங்கு ஊதியது." (சங்கு ஊதி எந்தக் காலமாயிற்று? இப்போது விரலை வைத்தால் இயந்திரம் கீச்சென்கிறது. அடித்துவிட்டேன்.)

இரண்டு: "நாகவல்லி அழவில்லை." (இப்படித் தொடங்கினால் நீங்கள் அவள் எப்போது அழுவாள் என்று காத்திருப்பீர்கள். அவளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை.)

மூன்றாவது நிற்கட்டும்:

தனக்கு இன்னும் கல்யாணம் ஆகியிருக்கிறது என்பது நாகவல்லிக்குப் பதிவாளர் அலுவலகத்தில்தான் தெரிந்தது.

அவளுக்கு முப்பத்தோரு வயது. தொழிற்பேட்டையில் ஏற்றுமதித் துணிக் கம்பெனி ஒன்றில் செக்கிங் சூப்பர்வைசர். அந்தக் கம்பெனிக்கு ஆள் ஏற்றிவரும் பஸ்ஸை ஓட்டுகிறவர் கிருபாகரன். அவள் வழக்கமாக முன் சீட்டில் உட்காருவாள். அவர் தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியைத் திருப்பி வைத்திருப்பது பின்னால் நிற்கும் கூட்டத்தைப் பார்க்க அல்ல என்பது அவளுக்குப் புரிய ரொம்ப நாள் ஆயிற்று. புரிந்த பிறகு அவளும் கண்ணாடியைப் பார்க்க ஆரம்பித்தாள். வருகிற தை மாதம் கல்யாணம் என்று தங்களுக்குள் பேசி முடித்து, பதிவு செய்ய என்னென்ன வேண்டும் என்று கேட்கத்தான் இருவரும் போயிருந்தார்கள்.

"முதல் கல்யாணம் ரத்தான தீர்ப்பு நகல் இருக்காம்மா?" என்றார் எழுத்தர்.

நாகவல்லி ஒரு முத்திரைத்தாளை எடுத்து நீட்டினாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் இரண்டு வீட்டுப் பெரியவர்களும் உட்கார்ந்து எழுதியது. 'இன்று முதல் இவர் யாரோ, அவர் யாரோ' என்று அதில் இருந்தது. நோட்டரி முத்திரைகூட விழுந்திருந்தது. எழுத்தர் நல்ல மனிதர், கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"இது நீங்களா எழுதிக்கிட்டதும்மா. கல்யாணத்தைக் கோர்ட்டுதான் முடிச்சு வைக்கணும். சட்டப்படி நீங்க இன்னும் இந்த டில்லிபாபுவோட மனைவிதான்."

வெளியே வந்து கிருபாகரன் இரண்டு டீ சொன்னார். இரண்டையும் யாரும் குடிக்கவில்லை.

"அப்ப இத்தினி நாளா நான் இன்னொருத்தரு சம்சாரத்தையா கண்ணாடில பாத்துகினு கீறேன்?" என்றார்.

"எனுக்கே இப்பதான்யா தெரியும். நான் இன்னா பண்ணட்டும்?"

"நான் எத்தினி நாள் வோணா பொறுப்பேன் வல்லி. எங்கம்மா பொறுக்காது. தை தாண்டிச்சின்னா அத்த பொண்ணக் கூட்டியாந்து நிறுத்திரும்."

விளையாட்டாகச் சொல்வதுபோல்தான் சொன்னார். ஆனால் சொல்லிவிட்டு டீயைப் பார்த்தாரே தவிர அவளைப் பார்க்கவில்லை. நாகவல்லி முத்திரைத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். இத்தனை வயதுக்கு மேல் தனக்கென்று ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டிருக்கிறாள், அது கைக்கு எட்டும் நேரத்தில் ஒரு பழைய கல்யாணம் வந்து குறுக்கே நிற்கிறது.

ஆகவே, தைக்குள் அவளுக்கு விவாகரத்து வேண்டும். கதை இதுதான்.

* அடிக்குறிப்பு (கோகுல்நாத்துக்காக): முதல் கல்யாணம் சட்டப்படி உயிரோடு இருக்கும்போது இரண்டாவது செய்துகொண்டால் அது செல்லாது. குற்றமும்கூட. 'ஊரறியப் பிரிந்துவிட்டோம்' என்பது சட்டத்தின் காதில் விழாது.

3

பீரோவைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கொடுத்த சீர் திரும்பி வருவதில் ஒரு வரிசை உண்டு. மிக்ஸி திரும்பி வந்தால் சண்டை. கட்டில் வந்தால் பெரிய சண்டை, மாமன்மார்கள் தலையிட்டால் சரியாகிவிடும். பீரோ வந்துவிட்டால் கல்யாணம் முடிந்தது. குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியில் பீரோவை நிற்க வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவருவார்கள். அதன் கண்ணாடியில் தெரு முழுக்கத் தெரியும். தெருவும் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளும். அதற்கு மேல் நீதிமன்றம் ஒன்று தேவைப்படும் என்று யாருக்கும் தோன்றுவதே இல்லை.

நாகவல்லியின் பீரோ திரும்பி வந்த காரணத்தைக் கேட்டால் நீங்கள் என்னைத் திட்டுவீர்கள். கல்யாணமான முதல் ஆடிக்கு அவள் புருஷன் வீடு இருக்கும் பாரிவாக்கத்திலிருந்து கொரட்டூருக்கு, அம்மா புஷ்பாவின் வீட்டுக்கு வந்தாள். முறைதான். ஆடி முடிந்தது. "மாப்பிள வந்து கூப்டட்டும்" என்றார் புஷ்பா. "அவங்க சீரோட கொண்டாந்து உடட்டும்" என்றார் டில்லிபாபுவின் சித்தப்பா லட்சுமணன். இரண்டு பேருமே அவரவர் முறைப்படி சரி. நாம் போய் நின்றால் நம் கௌரவம் என்ன ஆவது என்று இரண்டு பக்கமும் காத்திருந்தது. ஆவணி போயிற்று, ஐப்பசி போயிற்று. யாரும் யாரையும் அடிக்கவில்லை, கெட்ட வார்த்தை பேசவில்லை. கடைசியில் பெரியவர்கள் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, "ஒத்துவராது, தீத்து உட்ரலாம்" என்று முடித்தார்கள். மறுநாள் பீரோ வந்தது.

(இதைவிடப் பெரிய காரணம் ஒன்றைக் கண்டுபிடிக்க ஒரு வாரம் முயன்றேன். டில்லிபாபுவுக்குக் குடிப்பழக்கம் கொடுத்துப் பார்த்தேன். "அது குடிக்காது சார், எதையாவது எழுதாத" என்றாள் நாகவல்லி. அம்பத்தூரில் ஒரு பெண் சிநேகிதி கொடுத்தேன். சிரித்துவிட்டாள். "அதுக்கு என்னாண்டயே பேச்சு வராது." மாமியார் கொடுமை எழுதலாம் என்றால் மாமியார் கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்டாராம். நான் எழுதுகிற கதையில் எனக்குத் தெரியாமலே ஒருவர் இறந்திருக்கிறார்.)

4

பூந்தமல்லி பேருந்து நிலையத்துக்குப் பின்னால் டில்லிபாபுவுக்கு ஒரு கிரில் பட்டறை. நாகவல்லி போய் நின்றபோது ஒரு கேட்டுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். முகமூடியைத் தூக்கிப் பார்த்தவன், மறுபடியும் இறக்கிக்கொண்டு, பிறகுதான் முழுசாகக் கழற்றினான்.

"இன்னாமே, இந்தப் பக்கம்?"

"ஒரு விசயம். நாம இன்னும் புருசன் பொண்டாட்டிதானாம்."

"யாரு சொன்னது?"

"கவர்மெண்டு."

டில்லிபாபு பக்கத்திலிருந்த இரும்புக் குழாயின் மேல் உட்கார்ந்தான். 

"அப்ப பீரோ?"

"பீரோலாம் செல்லாதாம்."

"பத்திரம் எழுதுனமே?"

"அதுவும் செல்லாதாம்."

"அப்ப இந்த ஆறு வருசமா," என்று ஆரம்பித்து அவன் நிறுத்திக்கொண்டான். அவனுக்கு ரேஷன் கார்டில் அவள் பெயர் இன்னும் இருப்பது ஞாபகம் வந்திருக்கலாம், வேறு எதுவும் வந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. இந்தக் கதையில் நான் நாகவல்லியின் பக்கத்தில் நின்று பார்க்கிறேன், அவன் மண்டைக்குள் எனக்கு வழி கிடையாது. அவளுக்கும் கிடையாது. நாக்கு நுனியில் வார்த்தை வைத்துக்கொண்டு விழுங்கிவிடும் ஆசாமி.

"கிருபாகரன்னு ஒருத்தரு," என்று அவள் தொடங்கினாள்.

"தெரியும். கம்பெனி பஸ்ஸு. நல்ல மன்சன்," என்றான். "இன்னா பண்ணணும் சொல்லு. வர்றேன்."

இவ்வளவுதான். சண்டைக்குத் தயாராகப் போனவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. திரும்பும்போது பஸ்ஸில் அதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

5

வழக்கறிஞர் சுசீலாவின் அறை, பூந்தமல்லியில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில். கீழே மெட்ரோ வேலை. துளைபோடும் சத்தம் நின்றால்தான் பேசுவார், ஆகவே அவர் சட்டம் சொல்வது தவணை முறையில் நடக்கும். இந்தப் பகுதியை மட்டும் கத்தரித்து ஒட்டினால் கோகுல்நாத்தின் அரைப் பக்கம் வந்துவிடும்.

"ரெண்டு வழி இருக்கு. ஒருத்தர் வேணும்கறாங்க, இன்னொருத்தர் மாட்டேங்கறாங்கன்னா, கொடுமை பண்ணாங்க, விட்டுட்டுப் போனாங்கன்னு காரணம் சொல்லி நிரூபிக்கணும். வருஷக்கணக்கா இழுக்கும். ரெண்டு பேருக்கும் சம்மதம்னா ஒரே மனு, ரெண்டு பேரும் கையெழுத்து. ஒரு வருஷத்துக்கு மேல பிரிஞ்சிருக்கணும்."

துளை. எல்லோரும் காத்திருந்தார்கள்.

"கடைசியா சேர்ந்து குடியிருந்தது பாரிவாக்கம். அதனால பூந்தமல்லியிலயே போடலாம். மனு போட்டதும் ஒரு தடவை விசாரிப்பாங்க. அப்புறம் ஆறு மாசம் யோசிக்க நேரம். ஆறு மாசம் கழிச்சு, பதினெட்டு மாசத்துக்குள்ள, மறுபடி ரெண்டு பேரும் வந்து ஆமாம் சொல்லணும். அதுக்கு நடுவுல யாராவது ஒருத்தர் எனக்கு இஷ்டமில்லைன்னுட்டா மனு நிக்காது."

"யாராவது ஒருத்தருன்னா?" என்றாள் நாகவல்லி.

"நீங்களோ, இவரோ. கடைசி நாள் கூண்டுகிட்ட நிக்கும்போதுகூட."

நாகவல்லி பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். டில்லிபாபு சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரி, கல்யாணம் நடந்ததுக்கு என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க? பத்திரிகை, போட்டோ?"

"அது எதுக்கு மேடம்? நாங்கதான் முடிக்க வந்துகிறமே?"

"நடந்ததுன்னு காட்டினாத்தானேம்மா முடிக்க முடியும்?"

ஆல்பத்தை நாகவல்லி எப்போதோ கிழித்துவிட்டாள். டில்லிபாபு வீட்டில் சாமி அலமாரிக்குப் பின்னால் ஒரு படம் இருந்தது. கொண்டுவந்தான். மாலையும் கழுத்துமாக இரண்டு பேரும் போட்டோக்காரரை முறைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பெரியவர்கள் எல்லோரும் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"உங்களைத் தவிர எல்லாருக்கும் சந்தோஷம்போல," என்றார் சுசீலா.

மனுவில் அவர் எழுதிய ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: சீர்வரிசைப் பொருட்கள் அனைத்தும் மனைவியிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டுவிட்டன.

* சில சமூகங்களில் வழக்கப்படி தீர்த்துக்கொள்வதைச் சட்டம் ஏற்பதும் உண்டு. ஆனால் அப்படி ஒரு வழக்கம் காலங்காலமாக இருக்கிறது என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டும். பீரோவைச் சாட்சிக் கூண்டில் ஏற்ற முடியாது.

6

இங்கே ஒரு சிக்கல். நெடுநாளாகப் பிரிந்து வாழ்கிறவர்கள், எல்லாப் பிரச்சினையையும் பேசித் தீர்த்துக்கொண்டவர்கள், அந்த ஆறு மாதக் காத்திருப்பைத் தள்ளுபடி செய்யும்படி கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் நீதிபதியின் முடிவு. சுசீலா விவரமானவர், கேட்டார்.

கொடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும். நான் இன்னும் டில்லிபாபுவை வாய் திறக்க வைக்கவே இல்லை. ஆகவே தள்ளுபடி கிடைக்கவில்லை என்று எழுதிவிட்டேன்.

நாகவல்லி என் மேசைக்கு வந்து நின்றாள்.

"இன்னா சார் இது? தை மாசம் கல்யாணம்னு தெரியுமா தெரியாதா?"

"வைகாசியில மனு போட்டாச்சு. மார்கழியில வந்துரும். நான் கணக்குப் பண்ணித்தான்—"

"உனுக்குக் கத நீளணும்னு என்ன ஆறு மாசம் உக்கார வெப்பியா? எங்கம்மாவும் அவங்க சித்தப்பாவும்தான் அப்புடின்னா, நீயுமா?"

நான் அவசரமாக அடுத்த பகுதியை ஆரம்பித்துவிட்டேன்.

7

அந்த ஆறு மாதத்தில் சமரசம் பேச இருவரையும் இரண்டொரு தடவை கூப்பிட்டார்கள். டில்லிபாபு தன் பைக்கில் அவளை ஏற்றிக்கொண்டு போனான். பிரிவதற்காக ஒரே வண்டியில் போகிறார்கள் என்று பார்க்கிறவர்களுக்கு எப்படித் தெரியும்? கிருபாகரனைப் பற்றியும் மனுவைப் பற்றியும் இரண்டு வீட்டிலும் இன்னும் சொல்லியிருக்கவில்லை. கொரட்டூர் ரயில்வே கேட் பக்கம் பார்த்தவர் புஷ்பாவிடம் சொன்னார். பாரிவாக்கத்தில் பார்த்தவர் லட்சுமணனிடம் சொன்னார். இரண்டு பெரியவர்களும் ஆறு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகப் போனில் பேசிக்கொண்டார்கள். இருவரும் மறுபடி சேர்ந்துவிட்டார்கள், பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்பானேன், கூச்சப்படுவார்கள் என்று முடிவாயிற்று.

ஆவணி முதல் முகூர்த்தத்தில், நாகவல்லி வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, புஷ்பா பீரோவைக் குட்டியானையில் ஏற்றிப் பாரிவாக்கத்துக்கு அனுப்பிவைத்தார். குங்குமப் பொட்டு வைத்து. உள்ளே ஒரு புதுப்புடவையும் வேட்டியும்.

கம்பெனியில் நாகவல்லியின் போன் அடித்தது.

"வல்லி, உங்கம்மா பீரோவ அனுப்பிகிது."

"எங்க?"

"எங்கூட்டுக்கு! சித்தப்பா தேங்கா ஒடைச்சிட்டாரு. தெருவே வந்து பாத்துகினு கீது. நான் இன்னா பண்றது?"

அடுத்த போன் சுசீலாவிடமிருந்து. "என்னம்மா இது? சீரெல்லாம் திரும்பிடுச்சுன்னு மனுவுல சத்தியம் பண்ணியிருக்கீங்க. பீரோ தன் வீட்டுல வந்து நிக்குதுன்னு இவர் போன் பண்றார். சேர்ந்து வாழ ஆரம்பிச்சுட்டாங்கன்னு நாளைக்கு யாராவது சொன்னா நான் என்ன பதில் சொல்றது? முதல்ல அதைத் திருப்பிக் கொண்டாங்க."

சேதி கிருபாகரனுக்கும் போயிருந்தது. மாலை பஸ்ஸில் அவர் கண்ணாடி பின்னால் நிற்கும் கூட்டத்தின் பக்கம் திரும்பியிருந்தது.

அன்றைக்கே நாகவல்லி பாரிவாக்கம் போனாள். லட்சுமணன் வாயெல்லாம் பல்லாக "வாம்மா வா" என்றார். அவள் பதில் பேசாமல் பீரோவின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். டில்லிபாபு மறுபக்கத்தைப் பிடித்தான். வண்டியில் ஏற்றிவிட்டு முன்னால் டிரைவர் பக்கத்தில் இடமில்லாமல் இரண்டு பேரும் பின்னால், பீரோவைப் பிடித்தபடி உட்கார்ந்துகொண்டார்கள்.

பூந்தமல்லி தாண்டி மெட்ரோ தூண்களுக்கிடையில் வண்டி மாட்டிக்கொண்டு நின்றபோது டில்லிபாபு கேட்டான்.

"அந்த ஆடில, நான் வருவேன்னு பாத்துகினு இருந்தியா?"

(நான் எழுதாத வசனம் இது. கைதான் என்னுடையது.)

"பாத்தேன்," என்றாள்.

"நான் கெளம்புனேன். பட்டறயில சொல்லிட்டு, சட்டலாம் மாத்திகினு கெளம்பிட்டேன். சித்தப்பா செருப்ப எடுத்து உள்ள வெச்சிப் பூட்டிட்டாரு. கௌரவம் போயிரும்னாரு."

"செருப்பில்லாம வந்துர்க்கலாமே."

அவன் ஏதோ சொல்ல வந்தான். முன்னால் லாரி நகர்ந்தது, வண்டி குலுங்கியது, இருவரும் பீரோவைப் பிடித்துக்கொண்டார்கள். நாகவல்லிக்கு அழுகை வந்தது. எதற்கென்று பிரித்துச் சொல்ல அவளால் முடியவில்லை. கிருபாகரனை அவள் விட்டுவிடப் போவதில்லை, அதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. இருந்தாலும் ஒரு ஜோடிச் செருப்புக்காகத் தன் வாழ்க்கை ஒரு பக்கமாகத் திரும்பியது என்பதைக் கேட்கும்போது வயிறு எரிகிறது இல்லையா?

அந்த எரிச்சலுக்குப் பின்னாலேயே பயமும் வந்தது. இவன் இத்தனை நாள் விழுங்கியதை எல்லாம் வெளியே எடுக்க ஆரம்பித்திருக்கிறான். கடைசி நாளில் எதை எடுப்பான்?

8

கோகுல்நாத் இதுவரை எழுதியதைப் படித்தார். "கட்டுரை எங்க சார்?" என்று கேட்டுவிட்டு, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி கூப்பிட்டு, "சரி, கடைசியில சேர்ந்துடறாங்கதானே? நமக்குக் கல்யாண மண்டபத்து விளம்பரம் வருது" என்றார்.

அவருக்காக ஒன்று எழுதினேன்.

முடிவு அ: டில்லிபாபு நீதிமன்றத்தில் மனம் மாறுகிறான். நாகவல்லியும் மாறுகிறாள். பீரோ மூன்றாம் முறையாகப் பாரிவாக்கத்துக்குப் பயணம் போகிறது. (நாகவல்லி படித்துவிட்டு, "கிருபா இன்னா ஆவாரு? அவரு பஸ்ஸ ஓட்டிகினே கதைக்கு வெளிய போயிருவாரா?" என்றாள். அடித்தேன்.)

முடிவு ஆ: டில்லிபாபு சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறான். தை போகிறது, அத்தை மகள் வருகிறாள். நாகவல்லி தனியாக வேறு மனு போடுகிறாள், ஆண்டுகள்— (இதை எழுதும்போது எனக்கே மனசு வரவில்லை.)

முடிவு இ: இருவரும் ஆமாம் என்கிறார்கள். தீர்ப்பு. கிருபாகரன் வாசலில் பஸ்ஸோடு நிற்கிறார். டில்லிபாபு கல்யாணப் பரிசாக அவர்கள் வீட்டுக்கு ஒரு கேட் செய்து தருகிறான். (அழகாகத்தான் இருக்கிறது. சுசீலாவுக்கும் பிடித்தது. ஆனால் டில்லிபாபுவை இவ்வளவு நல்லவனாக்கி அனுப்பி வைப்பது எனக்கு வசதி என்பதைத் தவிர அதில் வேறு நியாயம் எனக்குத் தெரியவில்லை.)

9

மார்கழி. நீதிமன்ற வளாகத்தில் கூட்டம். சுசீலா மூன்றாவது தடவையாகச் சொன்னார்: "கேட்டா ஆமாம்னு சொல்லுங்க, அவ்வளவுதான்." கடைசி வரிசையில் புஷ்பாவும் லட்சுமணனும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். இன்னமும் ஏதோ நடக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். கிருபாகரன் உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நிற்கிறேன் என்று சொல்லியிருந்தார்.

பெயரைக் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நாகவல்லியைப் பார்த்தார்.

"இது நீங்களா எடுத்த முடிவுதானா? யாராவது வற்புறுத்தினாங்களா?"

"இல்லம்மா," என்றாள் நாகவல்லி. சொல்லிக்கொடுத்த 'ஆமாம்' மறந்துவிட்டது. "மொத தபா கட்டி வெக்கும்போதும் என்னக் கேக்கல, அத்து உடும்போதும் கேக்கல. நீங்கதாம்மா கேக்குறீங்க. எனுக்கு விடுதல வோணும். நானா கேக்குறேன்."

 பின்வரிசையில் புஷ்பா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

நீதிபதி டில்லிபாபுவிடம் திரும்பினார். "நீங்க?"

"அது இன்னா சொல்லுதோ அதாம்மா."

"அவங்க சொன்னது அவங்க விருப்பம். உங்க விருப்பம் என்ன?"

டில்லிபாபு திரும்பிச் சித்தப்பாவைப் பார்த்தான். லட்சுமணன் வேண்டாம் என்று தலையாட்டினார். சுசீலாவைப் பார்த்தான். அவர் சொல்லுங்க என்று கண்ணைக் காட்டினார். பிறகு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தன் காலைப் பார்த்துக்கொண்டான்.   ஒரு 'ஆமாம்'. அது வந்துவிட்டால் நாகவல்லி வேப்பமரத்தடிக்குப் போய்விடலாம். அதை மட்டும் சொல்லிவிட்டால் போதும் என்று ஒரு கணம் மன்றாடினாள்.

அப்புறம் அவனை ஏறிட்டுப் பார்த்தாள். நிஜமாகவே இவனுக்கு என்ன வேண்டும்? தனக்கு அது தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. இத்தனை வருஷத்தில், தன்னை யாரும் கேட்கவில்லை என்று புகைந்துகொண்டிருந்தவள், இவனை ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பட்டறையில் போய் நின்ற அன்றுகூட நாலு வார்த்தையில் காரியத்தை முடித்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"சொல்லுய்யா," என்றாள் மெதுவாக. "எனுக்காக வாணாம். உனுக்கு இன்னா தோணுதோ, அதச் சொல்லு."

சுசீலா அதிர்ந்து அவள் கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொண்டாள். சொல்லிவிட்ட பிறகுதான் தான் எதைப் பணயம் வைத்துவிட்டோம் என்பது அவளுக்குத் தெரிந்தது. தெரிந்தும் அவள் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை.

டில்லிபாபு நிமிர்ந்தான். 

"அம்மா," என்றான் நீதிபதியிடம். "எனுக்கு—"

இந்த இடத்தில் என்னிடம் மூன்று வாக்கியங்கள் தயாராக இருந்தன. மூன்றும் நன்றாகவே இருந்தன. அடித்துவிட்டேன். முடிவை உங்களிடம் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன், இந்த மாதிரிக் கதைகளில் அப்படித்தான் செய்வார்கள். ஆனால் உங்களிடம் கொடுத்தால் நீங்களும் உங்கள் சௌகரியத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுவீர்கள். ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள், உதடு அசைவது தெரிகிறது.

தயவுசெய்து கொஞ்சம் சும்மா இருங்கள். நீதிபதி காத்திருக்கிறார். நாகவல்லி காத்திருக்கிறாள், அவளுக்கு நம் எல்லோரையும்விட அவசரம். அவன் சொல்லட்டும்.